பக்கத்து ஊரில் கேளுங்கள் என்பார்கள்

காரைக்கால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



அவ்வையார் மகளிர் கல்லூரியிலும் அறிஞர் அண்ணா கலைக் கல்லூரியிலும் படிக்கிறவர்கள், படித்து முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் படித்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு வீடு வந்திருப்பவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உங்களில் சிலருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இந்தக் கோடையில் ஒரு நோட்டு வாங்குங்கள். அதில் உங்கள் வீட்டு வழக்கங்களை எழுதுங்கள். ஊர் வழக்கம் வேண்டாம், வீட்டு வழக்கம் போதும்.

ஊரையும் வீட்டையும் நான் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனி பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா வருகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மாங்கனி இறைப்பதும், கீழே நிற்கிற கூட்டம் கையை உயர்த்திப் பிடிப்பதும் எல்லோரும் பார்த்ததுதான். தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், ஆளுக்கொரு போனில் பிடிக்கிறார்கள். காரைக்கால் அம்மையாரான புனிதவதியார் கதையைச் சேக்கிழார் எழுதி வைத்துவிட்டார். அந்தத் திருவிழா எங்கேயும் போய்விடாது. ஆனால் பிடித்த பழம் வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்று எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. குழந்தை இல்லாத மகளுக்கோ மருமகளுக்கோ கொடுப்பது தெரிந்த சங்கதி. யார் கையால் கொடுப்பார்கள்? மாமியாரா, அம்மாவா? அரிவாள்மனையில் அரிவார்களா, முழுப் பழமாகத் தின்ன வேண்டுமா? கணவனுக்குப் பங்கு உண்டா? பிடித்தவருக்குப் பிள்ளைவரம் தேவையில்லை என்றால் அந்தப் பழம் யார் வீட்டுக்குப் போகும்? அடிபட்டு நசுங்கிய பழத்துக்கும் அதே பலன் உண்டா? எங்கள் வீட்டில் கொட்டையைக் குப்பையில் போடமாட்டார்கள், கொல்லையில் புதைப்பார்கள். முளைத்ததா என்று யாரும் போய்ப் பார்த்ததாக நினைவில்லை. இன்னொரு வீட்டில் வேறு மாதிரி இருக்கும். இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் இந்த ஊரில் மனிதர்கள் அந்தக் கதையை என்னவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

"எங்க வீட்டில் அப்படி ஒண்ணும் இல்லை சார்" என்று சொல்வீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஃபுளோரிடாவின் ஈட்டன்வில் என்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். நியூயார்க்கில் மானிடவியல் படித்துவிட்டு, 1920களின் கடைசியில் கறுப்பின மக்களின் கதைகளைச் சேகரிக்கத் தன் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பினார். கல்லூரிப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு, நாட்டுப்புறக் கதை ஏதாவது தெரியுமா என்று பவ்யமாகக் கேட்டார். பேசினாலே கதையாகக் கொட்டுகிற ஆட்கள் தலையை ஆட்டினார்கள். இங்கே அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லையே, பக்கத்து மாவட்டத்தில் இருக்கலாம் என்றார்கள். தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். பிறகு மளிகைக் கடைத் திண்ணையில் அவர்களோடு அவர்களாக உட்கார்ந்து கேட்டதெல்லாம் 1935இல் புத்தகமாக வந்தது.

அதே முப்பதுகளில் அமெரிக்க அரசு இன்னொரு காரியம் செய்தது. பெருமந்தத்தில் வேலை இழந்து நின்ற எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து, சாதாரண ஆட்களின் கதையைக் கேட்டு எழுதச் சொன்னது. பண்ணைக்காரர், ஆலைத் தொழிலாளி, மூட்டை தூக்குபவர், வீட்டு வேலைக்காரி என்று 1936 முதல் 1940 வரை எழுதியதில் ஏறத்தாழ 2900 ஆவணங்கள் அங்குள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1976இல் சட்டம் போட்டு அந்த நூலகத்திலேயே நாட்டார் வாழ்வுக்கென்று ஒரு மையமும் தொடங்கினார்கள். பெர்க்லியில் ஆலன் டண்டிஸ் என்ற பேராசிரியர், தன் வகுப்பில் சேருகிற மாணவர் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடமிருந்து பழமொழி, நகைச்சுவை, நம்பிக்கை, வீட்டுச் சடங்கு என்று சேகரித்துத் தந்தாக வேண்டும் என்று வைத்தார். நாட்டார் என்றால் கிராமத்துப் பாட்டி மட்டும்தான் என்பதை அவர் ஏற்கவில்லை. ஏதோ ஒரு விஷயம் பொதுவாக உள்ள எந்தக் கூட்டமும் நாட்டார்தான் என்றார். ஒரு குடும்பம் போதும், ஒரு விடுதி அறை போதும்.

நமக்கு அரசு சம்பளம் தரப்போவதில்லை. ஆனால் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நா. வானமாமலை திருநெல்வேலியில் இருந்துகொண்டு, பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், ஆசிரியர்களையும் இளைஞர்களையும் சேர்த்து நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காத கி. ராஜநாராயணன் எண்பதுகளின் கடைசியில் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தார். கரிசல்காட்டுக்காரர், 2021இல் காலமாகும்வரை நம் புதுச்சேரியிலேயே இருந்தார். சொன்னவர் வாயில் வந்த சொல்லைத் திருத்தாமல் தாளில் இறக்குவது எப்படி என்பதற்கு அவரைவிடப் பெரிய பாடம் தமிழில் இல்லை என்பது என் எண்ணம். கெட்ட வார்த்தைக் கதைகளைக்கூட அவர் ஒதுக்கவில்லை. நீங்களும் ஒதுக்க வேண்டாம், நோட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இனி நம் ஊரைப் பாருங்கள். வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர், கிழக்கே கடல், அவ்வளவுதான் நம் எல்லை. சுற்றிலும் தமிழ்நாடு. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த இடம். பக்கத்துத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் இருந்தார்கள், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரும் பிறகு ஆங்கிலேயரும் இருந்தார்கள். இந்த எல்லையைக் கடந்து பெண் கொடுத்து, பெண் எடுத்து, கடன் வாங்கி, மாடு ஓட்டி, மதுப் பாட்டில் கடத்தி வாழ்ந்த ஊர் நம்முடையது. வாஞ்சூர் சோதனைச் சாவடியை வைத்து ஊரில் சொல்கிற கேலிக் கதைகளை மட்டும் தொகுத்தால் ஒரு நோட்டு போதாது. கல்யாணத்துக்கு வந்த தமிழ்நாட்டு மாமா திரும்பிப் போகும்போது மாட்டிக்கொண்ட கதை இல்லாத குடும்பம் இங்கே உண்டா? அதையும் எழுதுங்கள். இதுவும் நாட்டார் வழக்காறுதான், சிரித்துக்கொண்டே சொல்வதால் மதிப்புக் குறைந்துவிடாது.

திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் உங்கள் கடற்கரைக்கு வருகிறார். மீனவர் தலைவர் மகளான பத்மினி நாச்சியாரைக் கட்டியவர் என்பதால் பட்டினச்சேரிக்காரர்களுக்கு அவர் மாப்பிள்ளை. சாமியை மாப்பிள்ளை என்று வாயாரக் கூப்பிட்டுத் தோளில் சுமக்கிறார்கள். இது பத்திரிகையில் வருஷா வருஷம் வருகிற செய்தி. நான் கேட்பது, மாப்பிள்ளை வருகிறார் என்று அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது. சொந்த மாப்பிள்ளைக்குச் செய்கிற எதை அவருக்கும் செய்கிறார்கள், எதைச் செய்வதில்லை? அன்று அடுப்பில் மீன் உண்டா? மாப்பிள்ளையைக் கேலி பேசுவது உண்டே, இந்த மாப்பிள்ளையைப் பேசுவார்களா? அப்படியே புலவர் காளமேகத்தைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் ராஜசபையில் புலவர்களோடு மல்லுக்கு நின்று, ஆத்திரத்தில் மண்மாரி பெய்யச் சொல்லிப் பாடிவிட்டுப் போனார் என்ற கதை புத்தகங்களில் புலவர் பக்கம் நின்றே எழுதப்பட்டிருக்கிறது. மண் விழுந்த ஊரில் இருப்பவர்கள் யார் பக்கம் நின்று சொல்கிறார்கள்? எனக்குத் தெரிந்து இதை யாரும் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். "பாட்டி, நம் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று போனை நீட்டினால் பாட்டி சேலையைச் சரிசெய்துகொண்டு வானொலியில் பேசுவதுபோல் பேசுவார். ஒன்றுக்கும் ஆகாது. கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். கீரை ஆய்கையில், பூக் கட்டுகையில், நோன்புக் கஞ்சி கிண்டுகையில் கேட்டால் பேச்சு தானாக வரும். கதையைத் தெரியாதவர்போல் கேட்பதைவிடத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். "அப்படி இல்லடி, யாரு சொன்னா உனக்கு?" என்று திருத்த ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நிற்காது.

கடலோரப் பிள்ளைகளுக்கு இதுதான் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். கிளிஞ்சல்மேட்டிலும் காசாக்குடிமேட்டிலும் நிழல் இருக்கிற இடமெல்லாம் பேச்சு இருக்கும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இருப்பது பலருக்குத் தெரியும். எந்தக் காற்றில் எந்த வேலைக்குப் போகமாட்டார்கள், கடலில் இருக்கும்போது எந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, புதுப் படகு இறக்கும்போது முதலில் கால் வைப்பது யார் என்பதை அவர்கள் வாயிலிருந்து எழுதுங்கள். படகுக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று கேளுங்கள். பாதிப் பெயருக்குப் பின்னால் ஒரு கடனோ ஒரு நேர்ச்சையோ ஒரு இறந்த பிள்ளையோ இருக்கும்.

சில பாட்டுகளை நேரம் காலம் பார்க்காமல் கேட்கக் கூடாது. ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாடச் சொன்னால் பாடமாட்டார்கள், சாவை அழைத்தது போலாகிவிடும் என்று பயம். வற்புறுத்தாதீர்கள். கொல்லைப்புறத்திலோ வயல்மேட்டிலோ வைத்துப் பாடிக் காட்டச் சம்மதிப்பவர்கள் உண்டு. தாலாட்டும் அப்படித்தான். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்று நம்புகிற வீட்டில் பிள்ளை இல்லாமல் தாலாட்டுப் பாடச் சொன்னால் தயங்குவார்கள். பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். பாடமாட்டேன் என்று அவர் சொன்னதையும், ஏன் என்று சொன்ன காரணத்தையும்கூட நோட்டில் எழுதுங்கள். பாட்டு கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். அறிவியல் காரணம் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் சித்தப்பா அனுப்புவாரே, வாசலில் சாணி தெளிப்பது கிருமிநாசினி, எலுமிச்சை மிளகாய் கட்டுவது வைட்டமின், நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று முடிகிற அந்தச் செய்திகள், அவற்றைச் சொல்கிறேன். அதில் எது உண்மை, எது கட்டுக்கதை என்பது வேறு வழக்கு. அப்பாயி கிருமியைக் கொல்லவா விடிகாலையில் எழுந்தார்? அவர் சொல்கிற காரணம் ஒன்று இருக்கும். "லெச்சுமி வருவா" என்பார். "எங்க மாமியா செஞ்சாங்க" என்பார். "அது அப்படித்தான்" என்பார். மூன்றும் காரணம்தான், அதை அப்படியே எழுதுங்கள். நாம் ஒரு காரணத்தைக் கொண்டுபோய் அவர் வாயில் திணித்தால், ஐம்பது வருஷம் கழித்துப் படிக்கிறவருக்கு வாட்ஸ்அப் கிடைக்கும், அப்பாயி கிடைக்கமாட்டார். முன்னோரை முட்டாளில்லை என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் நமக்கு எதற்கு வந்தது என்பதே எனக்குப் புரியவில்லை.

வழக்கம் மாறிப்போயிருந்தால் வருத்தப்படாமல் மாறியதை எழுதுங்கள். ஆடிப் பெருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் காவிரியின் கடைமடை. மேட்டூரை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது கணக்கு, பல வருஷம் அந்தக் கணக்கு பொய்த்திருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு புதுச்சேரிக்கு, அதாவது நமக்கு, 7 டிஎம்சி என்று உறுதி செய்தது. அது காகிதத்தில் இருக்கிற தண்ணீர். ஆடி 18 அன்று அரசலாற்றில் மணல் மட்டும் கிடந்த வருஷங்களில் நம் பெண்கள் என்ன செய்தார்கள்? டெல்டா முழுக்க அடிபம்புக்கு மஞ்சள் பூசி, காதோலை கருகமணி வைத்து, காப்பரிசி படைத்துக் கும்பிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த முதல் வருஷம் உங்கள் தெருவில் அடிபம்பைக் கும்பிடலாம் என்று முதலில் சொன்னது யார்? யாராவது ஆட்சேபித்தார்களா? பிள்ளைகள் சப்பரத்தை எங்கே இழுத்துக்கொண்டு போனார்கள்? ஒரு சடங்கு கண்ணெதிரே பிறக்கிற சந்தர்ப்பம் அபூர்வம். உங்கள் அம்மாவுக்கு அது நினைவிருக்கும்.

திருநள்ளாறு பக்கத்துப் பிள்ளைகள் பயணிகளை விட்டுவிடுங்கள், உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். நளதீர்த்தத்தில் குளித்துச் சனி தோஷம் கழிக்க உலகமே உங்கள் ஊருக்கு வருகிறது. கழித்த தோஷத்தின் நடுவே குடியிருப்பவர்களுக்கு என்ன விதி? சனிக்கிழமை உங்கள் வீட்டில் எதை வாங்கமாட்டார்கள்? கோவிலுக்குப் போய்விட்டு வந்த விருந்தாளி நேரே உங்கள் வீட்டுக்குள் வரலாமா, திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வரவேண்டுமா?

அடுத்ததை எழுதக் கை தயங்குகிறது. உங்களில் பலர் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். அன்று போனவர்களின் பெயர் நினைவிடங்களில் இருக்கிறது. அதற்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடியும் அலை வருகிறது என்ற எச்சரிக்கை பரவி இந்தக் கடற்கரை முழுக்க ஜனம் ஓடியது. அலை வரவில்லை. அந்த ஓட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. யார் என்ன சொல்லி ஓடினார்கள், எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், எதுவரை ஓடினார்கள்? மீன் வாங்கவே ஊர் பயந்த வாரங்கள் இருந்தன. எப்போது, யார் வீட்டில் முதலில் மீண்டும் மீன்குழம்பு கொதித்தது? புரளியும் வாய்வழியாக நடந்த வரலாறுதான். ஆனால் இதைக் கேட்கப் போகும்போது நோட்டைப் பைக்குள் வையுங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிரான்சில் சொந்தம் உள்ள பிள்ளைகளே, உங்களுக்கு இரட்டை வேலை. பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை, ஒரே குடும்பம் இரண்டு பாஸ்போர்ட் ஆயிற்று. அந்த முடிவு எடுத்த ராத்திரியைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை ஓடும். தாத்தா சொல்வது ஒன்று, பெரிய தாத்தாவின் பேரன் பாரிசிலிருந்து சொல்வது வேறொன்று. எது சரி என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா தாத்தாக்கள் இந்தோசீனாவைப் பற்றிச் சொன்னது, ஜூலை 14 அன்று எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது, பெட்டியில் கிடக்கிற பதக்கத்தை யார் தொடலாம் என்பது, இவையெல்லாம் நோட்டுக்கு உரியவை. வீடியோ காலில் தினமும் பேசுகிறீர்களே, ஒரு நாள் அத்தையிடம் கேளுங்கள்: அங்கே பொங்கல் பானையை எந்த அடுப்பில் வைக்கிறீர்கள், பொங்கி வழிந்தால் யார் குலவை போடுகிறார்கள், பக்கத்து ஃப்ளாட்காரர் கதவைத் தட்டியதுண்டா என்று.

இன்னும் முன்னால் போனவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காரைக்கால் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனவர்களில் பெரும்பாலோர் கையில் ஏடு எதுவும் இருந்திருக்காது. மார்த்தினிக்கில் முதல் கப்பல் ஆட்களை இறக்கியது 1853இல். மொழி போன பிறகும் அங்கே மாரியம்மனும் மதுரை வீரனும் பலியும் படையலும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ரெயூனியனில் தீமிதி நடக்கிறது. அவர்கள் கொண்டுபோனது வீட்டு வழக்கம்தான். இங்கே நம் வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்று அங்கிருந்து யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் எழுதியது எதுவும் இல்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் சொந்த வழக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். பரீட்சைக்கு எந்தப் பேனா ராசி, விடுதியில் எந்த அறைக்குப் பேய்க் கதை, ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் என்ன பட்டப்பெயர் என்பதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளில் உங்களுக்கே மறந்துபோகும்.

எழுதும்போது பக்கத்தின் மேலே சொன்னவரின் பெயர், வயது, பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், கேட்ட தேதி போடுங்கள். பெண்களுக்குப் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் இரண்டும் முக்கியம். பாதி வழக்கம் நெடுங்காட்டிலிருந்து நிரவிக்கும், நிரவியிலிருந்து நாகூருக்கும் கல்யாணத்தோடுதான் போகிறது. உம்மா வீட்டுப் பக்கத்துச் சமையலும் வாப்பா வீட்டுப் பக்கத்துச் சமையலும் ஒரே அடுப்பில் சண்டை போடுகிற வீடுகளில் இதைக் கூர்ந்து பாருங்கள். மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரிக்கு நேர்ச்சை வைக்கிற இந்து வீடுகள், தேற்றரவு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற முஸ்லிம் தோழிகள் இருந்தால், நல்லிணக்கம் என்று தலைப்புப் போட்டு மேடைப் பேச்சாக்காமல், எந்த வருஷம், எந்தக் காய்ச்சலுக்கு, யார் சொல்லி ஏற்றினார்கள் என்று எழுதுங்கள். சாதியால் ஒருவரைத் தாழ்த்துகிற வழக்கமும் வரும். தாழ்த்தப்பட்டவர் வீட்டில் அதை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தால்தான் எழுதியது முழுமையாகும். ஒருவர் வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். மொத்தமும் வேண்டாம் என்றால் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நோட்டை நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றை உங்கள் கல்லூரித் துறையில் கொடுங்கள். துறையில் பூட்டி வைத்துவிடுவார்களோ என்று சந்தேகம் இருந்தால் மூன்றாவது நகலை என்னிடம் கொடுங்கள், என் வீட்டு அலமாரியில் இடம் இருக்கிறது.

கடலோரப் பிள்ளைகள் முதலில் கிளம்புங்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அதற்குமேல் வலை பின்னுகிற ஆட்களைக் கரையில் பிடிக்க முடியாது. மாங்கனி வீட்டுக்காரர்களுக்கு ஆனி பௌர்ணமிவரை அவகாசம் உண்டு. அதற்குள் கொட்டையை என்ன செய்வார்கள் என்று மட்டுமாவது கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழாசிரியர்